பல்கலைக்கழகக் கணிதமும் தோட்டத்துப் பிள்ளையும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பல்கலைக்கழகங்களில் கணிதம் கற்பிக்கும் முறை உலக நாடுகளின் ஒத்துழைப்பால் எவ்வாறு சிறப்படைகிறது என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களுள் சிலர், "விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து ஸ்டோருக்குச் சுமக்கும் நமக்கும் பல்கலைக்கழகக் கணிதத்திற்கும் என்ன உறவு?" என்று எண்ணக்கூடும். நியாயமான வினாதான். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பின்னர் தகவல் பணிக்கு வந்த நாம், அவ்வினாவுக்கு விடை கூறுவதையே இவ்வுரையின் நோக்கமாகக் கொண்டிருக்கிறோம்.

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூர் செல்வோர், பெட்டாலிங் ஜெயாவைக் கடந்ததும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அருகே செல்கின்றனர். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் நம் உறவினருக்கு அது இன்னும் அண்மையில் உள்ளது. இடையே இருப்பது பங்சார் மட்டுமே. அந்தப் பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடந்தான். பங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களே மருவிப் பங்சார் ஆயின என்பர். ஆகவே, பல்கலைக்கழகத்திற்கும் தோட்டத்திற்கும் நிலத்தளவில் தூரம் மிகுதியில்லை. பிள்ளைகள் கடக்க வேண்டிய தூரம் வேறு வகையானது. அதைக் குறைப்பது எப்படி என்பதே நமது கவலை.

தினக்கூலியில் உள்ள கணிதம்

முதலில் நம் கையிலுள்ள கணிதத்தைப் பார்ப்போம். ஸ்டோரில் பாலை நிறுக்கின்றனர். பின்னர் மெட்ரோலாக் கருவியை அமிழ்த்தியோ, சிறிது பாலை உறையவைத்து உலர்த்தியோ, அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்று கணிக்கின்றனர். 20 கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் 30 விழுக்காடு என்றால் கணக்கில் வருவது 6 கிலோ. 25 விழுக்காடு என்றால் 5 கிலோ. விழுக்காட்டில் ஒன்றே ஒன்று குறைத்துப் பதியப்பட்டால், 20 கிலோ பாலில் 200 கிராம் குறைந்துபோகும். இருபத்தைந்து நாள் வேலையில் அது 5 கிலோவாகிவிடும். கணிதம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இக்கணக்கைச் சரிபார்க்க வேறொருவரை நாட வேண்டியதில்லை.

இனி, ஆலையிலிருந்து வெளியேறும் ரப்பர்க் கட்டியின் மேல் அச்சிடப்படும் குறியைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டில் மலேசியா தரப்படுத்தப்பட்ட ரப்பர்த் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு ரப்பரின் தரம் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே மதிப்பிடப்பட்டது. புதிய திட்டத்தில் எஸ்.எம்.ஆர். 5, எஸ்.எம்.ஆர். 10, எஸ்.எம்.ஆர். 20 என்ற தரங்கள் வந்தன. எஸ்.எம்.ஆர். 5 என்றால், அந்த ரப்பரில் உள்ள அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்கிற்கு மேற்படக்கூடாது என்பது பொருள். எல்லாக் கட்டிகளையும் அறுத்துப் பார்க்க இயலாது. சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்து, மற்றவற்றின் தரத்தையும் நம்பிக்கையோடு கூறவேண்டும். அவ்வாறு கூறுவதற்குரிய அறிவே புள்ளியியல் என்னும் கணிதப் பிரிவாகும். அது பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படுவது.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது; 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் அங்கமாக உள்ளது. அங்கே இரண்டு வகை மரங்களுள் எது மிகுதியாகப் பால் தரும் என்று கண்டறிய வேண்டுமானால், ஒன்றை மேட்டிலும் மற்றொன்றைப் பள்ளத்திலும் நட்டு ஒப்பிடுவது பயன்படாது. மண்ணின் வளம் மரத்தின் குணமாகத் தோன்றிவிடும். ஆகவே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த வகை என்பதைச் சீட்டுக் குலுக்கியதுபோல் தீர்மானிப்பர். இம்முறையை 1920களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண்மை நிலையத்தில் வகுத்தவர் ரொனால்டு ஃபிஷர் என்னும் கணித மேதை. எங்கோ கோதுமை வயலில் பிறந்த கணிதம், நாம் வெட்டும் ஒட்டு மரத்தைத் தேர்ந்தெடுக்கவும் உதவுகிறது.

கன்று வந்த வழியே கல்வியும் வந்தது

ரப்பரே நமக்கு அந்நிய மண்ணின் கொடை. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில கோலகங்சாரிலும் நடப்பெற்றன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி ஆராய்ந்து பரப்பினார். பின்னர் ஒட்டுக் கட்டும் முறை வந்தது. அதில் வேரும் அடிமரமும் இம்மண்ணில் முளைத்த கன்றுக்குரியவை. ஒட்டப்படும் மொட்டு வேறொரு சிறந்த மரத்திலிருந்து எடுக்கப்படுவது. அடிக்கன்று நலிந்திருந்தால் எவ்வளவு உயர்ந்த மொட்டும் பிழைக்காது.

இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகக் கதைக்கு வருவோம்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. 1959இல் அதன் கோலாலம்பூர்ப் பிரிவு தனித்தகுதி பெற்றது. 1962ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விடுதலை பெற்ற புதிய நாட்டிற்குப் பொறியாளரும் மருத்துவரும் ஆசிரியரும் விரைவாகத் தேவைப்பட்டனர். அவர்களை உருவாக்கும் கணித ஆசிரியர்கள் உடனடியாக உள்நாட்டில் கிடைக்கவில்லை. ஆதலால் கடல் கடந்தும் ஆசிரியர்கள் வந்தனர். அவர்களுள் இருவரைப் பற்றி மட்டும் இங்கு கூறுவோம்.

முதலாமவர் சர் அலெக்சாண்டர் ஒப்பன்ஹைம். 1903இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1931இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதப் பேராசிரியராக வந்தார். ஜப்பானியர் ஆட்சியின்போது போர்க் கைதியாகச் சாங்கியில் அடைபட்டார். அங்கே கைதிகள் தமக்குள் ஒரு பல்கலைக்கழகம் நடத்தினர். அதன் தலைவராக இருந்தவர் அவரே. சிறைப்பட்டவர்கள் பசியோடிருந்தும் பாடம் கேட்டனர். பின்னர் அவரும் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சயாம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோட்டத்து மூத்தோர் குடும்பங்களில் இன்றும் ஒரு மௌனம் உண்டாகும். நம் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் அந்த இரயில் பாதையில் உயிர்நீத்தனர். அத்துயரத்திலிருந்து மீண்ட ஒப்பன்ஹைம், 1957 முதல் 1965 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பு வகித்தார். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் கானாவிலும் நைஜீரியாவிலும் கணிதம் கற்பித்தார்.

இரண்டாமவர் நம் தமிழர். பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் அவர்கள் 1918இல் இலங்கையின் வடபகுதியில் பிறந்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், நோபல் பரிசு பெற்ற பால் டிராக்கின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கிய அன்னார், 1959இல் கோலாலம்பூருக்கு வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அறிவியல் புலத்தின் முதல்வராகவும் பணியாற்றினார். 1968இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் புதிதாகத் தோன்றிய லாட்ரோப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 2001இல் மறைந்தார். அவர் இங்கிருந்த காலத்தில்தான், 1966இல், அதே வளாகத்தில் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது. தமிழாராய்ச்சிக்கு உலகம் கூடிய அதே இடத்தில், யாழ்ப்பாண மண்ணின் மைந்தர் ஒருவர் மலாய், சீன, இந்திய மாணவர்களுக்குக் கணிதத் துறையைத் தாங்கி நின்றார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஒத்துழைப்பு எவ்வாறு வேலை செய்கிறது?

பேராசிரியர்கள் வந்து செல்வது ஒத்துழைப்பின் ஒரு வடிவமே. வேறு வடிவங்களும் உள்ளன.

ஒன்று, வெளித் தேர்வாளர் முறை. ஒரு பல்கலைக்கழகம் தன் வினாத்தாள்களையும் விடைத்தாள்களையும் அயல்நாட்டுப் பேராசிரியரிடம் காட்டி, அவர் கருத்தைப் பெறுகிறது. உள்ளூர்த் தராசில் நிறுத்த பாலை வேறொரு தராசிலும் நிறுத்துப் பார்ப்பது போன்றது இது. இரண்டு தராசும் ஒத்துப்போனால் கோலாலம்பூரில் பெற்ற பட்டத்தை இலண்டனிலும் மதிப்பர். ஏழைப் பிள்ளைக்கே இது பெரும்பயன். செல்வர் வீட்டுப் பிள்ளை வெளிநாடு சென்று படிக்கலாம். நம் பிள்ளைக்கு உள்நாட்டுப் பட்டந்தான் உலகத்தின் வாசல்.

இரண்டு, ஆசிரியர்களின் கழகங்கள். 1967இல் தென்கிழக்காசியக் கல்வியமைச்சர்கள் அமைப்பின் அறிவியல், கணிதக் கல்வி மையம் பினாங்கில் நிறுவப்பெற்றது. ரெக்சாம் என்று அழைக்கப்படும் அம்மையத்திற்கு அண்டை நாடுகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காக வருகின்றனர். 1972இல் தென்கிழக்காசியக் கணிதக் கழகம் சிங்கப்பூரில் தோன்றியது. கணிதக் கல்விக்கான தென்கிழக்காசிய மாநாடு முதன்முதலில் 1978இல் மணிலாவில் கூடியது. இரண்டாவது மாநாடு 1981இல் நம் கோலாலம்பூரிலேயே கூடியது. வளமான நாடுகளிலிருந்து பெறுவதோடு அமையாமல், ஒரே வகையான இடர்ப்பாடுடைய அண்டை நாட்டார் ஒருவருக்கொருவர் உதவுவதே இக்கழகங்களின் சிறப்பு.

மூன்று, விரிவுரையாளர்களுக்கான பயிலரங்குகள். 1978இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் பிரான்ஸ் நாட்டின் நீஸ் நகரில் அமைந்த பன்னாட்டுக் கணித மையம், வளரும் நாடுகளிலேயே பயிலரங்குகளை நடத்துகிறது. இளம் விரிவுரையாளர் தம் நாட்டை விட்டு நெடுங்காலம் பிரிந்திருக்க வேண்டிய தேவை இதனால் குறைகிறது. மாணவர்களும் ஆசிரியரை இழப்பதில்லை.

நான்கு, சொற்கள். 1970இல் தொடங்கப்பெற்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் மலாய்மொழியில் உயர்கல்வி கற்பிக்க முற்பட்டது. உயர்கணிதத்திற்கு உரிய சொற்கள் வேண்டியிருந்தன. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே எழுத்துக்கூட்டல் முறையை ஏற்றன. அவ்வாண்டிலேயே மொழிக்கெனக் கூட்டு மன்றமும் அமைத்துக் கலைச்சொற்களை ஒன்றுபடுத்தத் தொடங்கின. 1985இல் புருணையும் அதிற் சேர்ந்தது. ஒரு நாட்டில் எழுதப்பட்ட நூல் மறுநாட்டு மாணவனுக்கும் பயன்பட வழி பிறந்தது. தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கும் நம் அறிஞர்களும் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

ஒரு வினாவின் பயணம்

ஒத்துழைப்பின் பயன் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். மேலே சொன்ன ஒப்பன்ஹைம், 1929இல், தம் இளமைக் காலத்தில், ஒரு வினாவை எழுப்பினார். சில வகையான கணக்குக் கோவைகளில் முழு எண்களை மாற்றி மாற்றி இட்டால், வரும் விடையைச் சுழியத்திற்கு எவ்வளவு வேண்டுமானாலும் நெருக்கமாகக் கொண்டுவர முடியுமா என்பதே அதன் சாரம். முடியும் என்று அவர் கருதினார். ஆனால் முழுமையாக நிறுவ இயலவில்லை. பல்லாண்டுகள் கழிந்தன.

சென்னையில் பயின்று மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எம். எஸ். ரகுநாதன், 1970களின் நடுவில், முற்றிலும் வேறான ஒரு துறையிலிருந்து அந்த வினாவை அணுக வழியுண்டு என்று கண்டார். அவ்வழியைப் பின்பற்றி ரஷ்யரான கிரிகோரி மார்குலிஸ் 1987இல் விடையை நிறுவினார். இங்கிலாந்தில் பிறந்தவர் எழுப்பிய வினா. தமிழகத்தில் பயின்றவர் காட்டிய வழி. ரஷ்யர் கண்ட முடிவு. வினாவை எழுப்பியவர் நம் கோலாலம்பூரில் துணைவேந்தராக இருந்தவர். அவர் 1997 வரை வாழ்ந்தார். தம் வினாவுக்கு விடை கிடைத்த நாளையும் கண்டார்.

உழவர் வீட்டுப் பிள்ளை

"பேரறிஞர்களின் கதை நம் வீட்டுக்கு வருமா?" என்று கேட்பீர்கள். ஆகவே இன்னொரு வரலாற்றையும் கூறுவோம்.

சார்லஸ் ராசின் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1937இல் தமிழகம் வந்தார். பாரிஸில் பெருங்கணித மேதைகளிடம் பயின்றவர். 1939 முதல் சென்னை லயோலா கல்லூரியில் கற்பித்தார். அக்காலத்தில் பல கல்லூரிகளில் பழைய தேர்வுக் கணக்குகளைத் திரும்பத் திரும்பச் செய்து மனத்தில் ஏற்றுவதே கணிதப் படிப்பாக இருந்தது. ராசின் அடிகளோ ஐரோப்பாவில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். திறமை மிக்கவர்களை மேலே ஆராய்ச்சிக்குச் செல்லுமாறு தூண்டினார்.

அம்மாணவர்களுள் ஒருவர் எம். எஸ். நரசிம்மன். 1932இல், தமிழகத்தின் தண்டரை என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். லயோலாவில் உடன் பயின்ற சி. எஸ். சேஷாத்திரியோடு 1953இல் மும்பை டாட்டா நிலையம் சென்றார். இருவரும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் நரசிம்மன்-சேஷாத்திரி தேற்றம் என்றே வழங்குகிறது.

கதை அத்துடன் முடியவில்லை. பாகிஸ்தானிய அறிஞர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் டிரியெஸ்ட் நகரில், வளரும் நாடுகளின் அறிவியலாளர்களுக்கென ஓர் ஆய்வு மையத்தை நிறுவினார். அம்மையத்தின் கணிதப் பிரிவுக்கு 1990களில் தலைமை ஏற்றவர் அதே நரசிம்மன்! பிரான்ஸிலிருந்து வந்த ஆசிரியரால் உயர்ந்த உழவர் மகன், ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் இளம் கணித ஆசிரியர்களுக்கு உதவும் இடத்தை அடைந்தார். பெற்றதைப் பிறருக்கு வழங்கினார்.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ராசின் அடிகள் தண்டரைக்கு வரவில்லை. தண்டரைப் பிள்ளையே சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன், சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியரும் வீட்டாரும் அப்பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தாமல் வளர்த்திருந்தனர். அடிக்கன்று வேரூன்றி இருந்தமையால் ஒட்டு பிடித்தது.

ஒட்டுப் பிடிக்காத இடம்

ஒத்துழைப்பு எங்கும் எப்போதும் வெற்றி தருவதில்லை. அதனையும் மறைக்காமல் கூறுவதே முறை.

ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் ஒரு குறையை நூறாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மாணவன், தான் முன்பு படித்ததோடு தொடர்பில்லாத கணிதத்தை அங்கே சந்திக்கிறான். பள்ளிக் கணிதத்தை மறக்கிறான். பட்டம் பெற்று ஆசிரியனாகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணிதத்தையும் மறந்துவிட்டுப் பழைய முறையிலேயே பாடம் நடத்துகிறான். போகும்போது ஒரு முறிவு. திரும்பும்போது மற்றொரு முறிவு. 1908இல் ரோம் நகரில் அமைக்கப்பெற்ற கணிதம் கற்பித்தலுக்கான பன்னாட்டு ஆணையத்தின் முதல் தலைவரும் கிளைன் அவர்களே. உலக நாடுகள் இவ்வகையில் ஒன்றுகூடிய தொடக்கத்திலேயே, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே உள்ள பாலம் பெருங்கவலையாக இருந்தது.

நம் நாட்டு அனுபவமும் உண்டு. 1970களில் பிரிட்டனில் உருவான பாடத்திட்டங்களைத் தழுவி 'நவீன கணிதம்' நம் இடைநிலைப்பள்ளிகளுக்கு வந்தது. கணங்கள், அணிகள் என்ற புதுப் பாடங்கள் நுழைந்தன. அவை உயர்கணிதத்திற்கு நல்ல அடிப்படை என்று பல்கலைக்கழக அறிஞர்கள் கருதினர். ஆயினும், எண்ணும் அளவும் தெரிந்த பெற்றோருக்குக்கூடத் தம் பிள்ளையின் புத்தகம் விளங்காத நிலை பல வீடுகளில் தோன்றியது. பின்னர் தொடக்கப்பள்ளிகளுக்கு 1983இலும் இடைநிலைப்பள்ளிகளுக்கு 1989இலும் புதிய கலைத்திட்டங்கள் வந்து, அடிப்படைத் திறனுக்கும் அன்றாடப் பயனுக்கும் முதன்மை அளித்தன. மொட்டு உயர்ந்ததாக இருந்தால் மட்டும் போதாது. அடிக்கன்றின் வயதும் மண்ணின் ஈரமும் பார்த்தே ஒட்ட வேண்டும் என்பதை ஒட்டுக் கட்டும் தொழிலாளி அறிவார்.

மொழியும் ஓர் இடர்ப்பாடே. தோட்டத்துப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் தமிழில் எண்ணக் கற்கிறது. இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறது. பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூல்களைப் புரட்ட வேண்டியுள்ளது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் தொடங்கியது. அதைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இம்மாற்றங்களின் நன்மை தீமைகளை ஆராய்வது இவ்வுரையின் எல்லைக்குள் வராது. நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே: பின்னம் என்றால் என்ன என்பது தாய்மொழியில் தெளிவாக விளங்கிய பிள்ளைக்கு, பிற மொழிகளில் அதன் பெயரைக் கற்பது மட்டுமே புதிய வேலை. விளங்காத பிள்ளைக்கோ ஒவ்வொரு மொழி மாற்றமும் புதிய சுவராகிறது. கணிதத்தை விட்டு விலகும் நம் பிள்ளைகளுட் பலர் அறிவுக் குறைவால் விலகுவதில்லை. இச்சுவர்களில் ஒன்றின் அடியில் களைத்து உட்கார்ந்துவிடுகின்றனர்.

பெற்றோர் செய்யக்கூடியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டதை நீங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள். நிலம் கைமாறலாம், லயத்து வீட்டைக் காலி செய்ய நேரலாம். பிள்ளை பெற்ற கல்வியை எவரும் திரும்பக் கேட்க முடியாது. இதனாற்றான் சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, பிள்ளை கணக்குச் செய்து முடித்ததும், "விடை சரியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எப்படிச் செய்தாய், சொல் பார்க்கலாம்" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்தறிவு குறைவாக இருந்தாலும் இதனைச் செய்யலாம். பிறருக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளைக்கே பொருள் மனத்தில் நிலைக்கும். இன்றைய பல்கலைக்கழக ஆசிரியர்களும் இம்முறையைப் பெரிதும் போற்றுகின்றனர்.

இரண்டாவது, பால் நிறுவையையும் சம்பளக் கணக்கையும் பிள்ளையிடம் காட்டுங்கள். விழுக்காடு என்னும் பாடத்தை அதைவிடச் சிறந்த நூல் கற்பிக்காது.

மூன்றாவது, நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் காலத்தில் விழிப்பாக இருங்கள். கூடுதல் கணிதம் என்னும் பாடம் கடினமானது என்று சொல்லிப் பிள்ளையைத் தடுப்போர் உண்டு. அப்பாடத்தை எடுக்காத மாணவனுக்குப் பொறியியல், கணிதம் போன்ற துறைகளின் கதவுகள் பெரும்பாலும் பின்னர் திறப்பதில்லை. ஆண்பிள்ளைக்குக் கூறுவதையே பெண்பிள்ளைக்கும் கூறுங்கள்.

நான்காவது, எஸ்.பி.எம். தேர்வோடு படிப்பை முடித்துக்கொள்ள வேண்டாம். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், ஆசிரியர் கல்விக் கழகம் எனப் பல வழிகள் உள்ளன. பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் தயங்குவோர், 1997இல் அமைக்கப்பெற்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுதவி பற்றிப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். அது கடன் என்பதையும், பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

ஐந்தாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியே, அருகிலுள்ள பல்கலைக்கழகங்களில் பயிலும் நம் மாணவர்களை ஆண்டிற்கு ஒருமுறையேனும் தோட்டத்திற்கு அழையுங்கள். மலாயாப் பல்கலைக்கழகம் பந்தாய்ப் பகுதியில் உள்ளது. தேசியப் பல்கலைக்கழகம் பாங்கியில் உள்ளது. புத்ரா பல்கலைக்கழகம் செர்டாங்கில் உள்ளது. அம்மாணவர்கள் ஒரு மாலைப்பொழுது வந்து நம் பிள்ளைகளோடு அமர்ந்து கணக்குச் செய்தால், கிளைன் கூறிய முறிவு அந்த அளவுக்குச் சீராகும்.

ஆசிரியப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு சொல். பினாங்கில் பயிற்சி நடக்கிறது என்றோ, பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு என்றோ அறிவிப்பு வந்தால், அதனைத் தவறவிடாதீர்கள். கற்று வந்ததை உங்கள் வகுப்பறையோடு நிறுத்திவிடாமல், அடுத்த தோட்டத்துப் பள்ளி ஆசிரியரோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். நாடுகளுக்கு இடையே நடக்கும் ஒத்துழைப்பும் இதே பழக்கத்தின் பெரிய வடிவந்தான்.

அன்பர்களே! உலக நாடுகள் கூடி நடத்தும் மாநாடும், கடல் கடந்து வரும் பேராசிரியரும், ஒன்றுபடுத்தப்பட்ட கலைச்சொல்லும், இறுதியில் ஒரு பிள்ளையின் சிலேட்டிலோ நோட்டுப் புத்தகத்திலோ வந்து சேர்ந்தால்தான் பயன் நிறைவெய்தும். பல்கலைக்கழகத்தார் தம் பக்கத்துப் பாதையை அமைக்கின்றனர். தோட்டத்துப் பக்கத்துப் பாதை நம் பொறுப்பில் உள்ளது. வரும் பள்ளியாண்டில் நான்காம் படிவம் செல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே அப்பிள்ளையோடு அமர்ந்து பாடத் தேர்வைப் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.